அப்டேட் போட்டதும் உடைந்த பில்ட்: எங்கிருந்து தேடுவது

லினக்ஸில் போன வாரம் வரை சத்தமில்லாமல் பில்ட் ஆன (அதாவது மூலக் கோடிலிருந்து நிரலாக மாறிய) பேக்கேஜ், அப்டேட் போட்ட அன்றைக்கே எர்ரர் கக்குகிறது. அந்தப் பேக்கேஜின் கோடில் ஒரு எழுத்துகூட மாறியிருக்காது. மாறியது அதற்கு அடியில் இருப்பது: கோடை நிரலாக மாற்றும் கம்பைலர், பில்ட் கருவி, பைதான், ஏதோ ஒரு லைப்ரரி, இல்லையென்றால் சிஸ்டத்தின் மையமான கெர்னல். இந்த ஐந்தில் எது என்று பிடித்துவிட்டால் சரிசெய்வது பெரும்பாலும் ஒரு வரி வேலைதான். பிடிக்காமல், தேடியதில் கிடைத்த கட்டளையை எல்லாம் ஒட்டிப் பார்ப்பதுதான் ரோதனை. அப்படி ஒட்டியதில் பாதி, அடுத்த அப்டேட்டை உடைப்பதற்கென்றே சிஸ்டத்தில் தங்கிவிடும்.

நம் பக்கம் இதில் இரண்டு வகை ஆட்கள் மாட்டுகிறார்கள். திருப்பூர், ஈரோடு சின்ன ஆபீஸ்களில் பில் போடவும் லேபிள் அடிக்கவும் உபுண்டு எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவுப் பதிப்பு) ஓட்டுபவர்கள் ஒரு வகை. அவர்களுக்கு உடைவது பெரும்பாலும் யூஎஸ்பி வைஃபை டாங்கிளின் டிரைவர், அதாவது கெர்னல் சங்கதி. கோவையின் இன்ஜினியரிங் கல்லூரி ஹாஸ்டல்களில் ஆர்ச், மஞ்சாரோ போட்டிருக்கும் பிள்ளைகள் இன்னொரு வகை. அவர்களுக்கு ஏயூஆர் (பயனர்களே எழுதிப் பகிரும் பில்ட் குறிப்புகளின் களஞ்சியம்) பேக்கேஜ்கள் உடையும். காரணம் கம்பைலர் அல்லது பைதான். இந்தப் பதிவு இரண்டு பேருக்கும். கட்டளைகளை ஒலிப்படி தமிழிலேயே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் தட்டும்போது ஆங்கிலத்தில், பெரிய எழுத்து சின்ன எழுத்து பார்த்துத் தட்டுங்க.

எது மாறியது என்று சிஸ்டத்தையே கேளுங்கள்

யூகிக்க வேண்டியதில்லை, எல்லாம் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. ஆர்ச்சில் வார் கோப்புறைக்குள் லாக், அதற்குள் பேக்மேன்.லாக் (பேக்மேன் என்பது ஆர்ச்சின் பேக்கேஜ் கருவி). "அப்கிரேடட்" என்ற சொல் உள்ள ஒவ்வொரு வரியிலும் பழைய பதிப்பு எண்ணும் புதிய பதிப்பு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். உபுண்டு, டெபியனில் வார், லாக், ஏபிடி, அதற்குள் ஹிஸ்டரி.லாக், போன மாதத்துக் கோப்பு சுருக்கி வைக்கப்பட்டிருக்கும், ஸெட்லெஸ் போட்டுப் படிக்கலாம். ஃபெடோராவில் டிஎன்எஃப் ஹிஸ்டரி.

நூறு பேக்கேஜ் மாறியிருந்தாலும் உங்கள் கண் தேட வேண்டியது சில பெயர்களைத்தான்: ஜிசிசி (கம்பைலர்), சிமேக் (பில்ட் கருவி), பைதான், லினக்ஸ் (கெர்னல்), பிறகு ஜிலிப்சி, ஓப்பன்எஸ்எஸ்எல், ஐசியூ, பூஸ்ட் என்ற லைப்ரரிகள். அதிலும் முதல் எண் மாறியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஜிசிசி 14.1 என்பது 14.2 ஆனால் ஒன்றும் ஆகாது. 13 என்பது 14 ஆனால் ஆகும். பைதான், ஜிலிப்சி, பூஸ்ட், லினக்ஸ் விதிவிலக்கு. அங்கே புள்ளிக்கு அடுத்த எண் மாறினாலே பெரிய மாற்றம், பைதான் 3.12 வேறு 3.13 வேறு.

கடைசி வரியை விடுங்கள், முதல் எர்ரரைப் பிடியுங்கள்

"ஏனுங்ணா, பில்ட் ஆகமாட்டேங்குதுங்க, என்ன பண்றது?" என்று ஸ்கிரீன்ஷாட் வரும். அதில் இருப்பது கடைசி நாலு வரி: மேக், மூன்று நட்சத்திரம், எர்ரர் 2. இதை வைத்துக்கொண்டு யாராலும் எதுவும் சொல்ல முடியாது. ஏதோ ஒரு படி தோற்றது என்பதைத் தவிர அந்த வரியில் தகவலே கிடையாது. தறியில் ஒரு பாவு இழை அறுந்தால் பக்கத்து இழைகளும் அதில் சிக்கிக்கொண்டு துணியில் ஓட்டை விழும்; நெசவு தெரிந்தவர் ஓட்டையை நோண்டமாட்டார், முதலில் அறுந்த நுனியைத்தான் தேடுவார்.

அந்த நுனியைப் பிடிப்பதற்கு வழி இருக்கிறது. முதலில், வெளியீட்டை டீ கட்டளை வழியாக ஒரு கோப்பில் சேமியுங்கள். டெர்மினலில் மேலே மேலே உருட்டினால் பாதி போயிருக்கும். சேமிக்கும்போது நிலையான எர்ரர் வெளியீட்டையும் சேர்க்க 2>&1 போட மறக்கக் கூடாது, எர்ரர் எல்லாம் அந்த வழியில்தான் வருகிறது. பிறகு அந்தக் கோப்பில் "எர்ரர்" என்ற சொல்லும் அதை ஒட்டி முக்காற்புள்ளியும் இருக்கும் முதல் இடத்தை கிரெப் -என் போட்டுத் தேடுங்கள். எட்டு கோர் சேர்ந்து ஒரே நேரத்தில் கம்பைல் பண்ணினால் எட்டு கோப்பின் வெளியீடும் கலந்துகட்டி வரும். எது முதல் என்று தெரியாது. அப்போது மேக் -ஜே1 என்று ஒரே வேலையாக மறுபடி ஓட்டினால் தோற்கும் இடத்திலேயே நிற்கும்.

சிஸ்டத்தைத் தமிழில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் சங்கதி. சில கருவிகள் எர்ரரையும் மொழிபெயர்த்துக் காட்டும். அதை அப்படியே தேடினால் ஒரு விடையும் வராது. கட்டளைக்கு முன்னால் எல்சி_ஆல்=சி என்று சேர்த்தால் அந்த ஒரு ஓட்டத்துக்கு மட்டும் மூல ஆங்கிலம் கிடைக்கும். அதேபோல, பில்ட் செய்யும் கோப்புறையின் பெயரிலோ அதற்கு மேலுள்ள எந்தக் கோப்புறையின் பெயரிலோ இடைவெளி இருந்தால் பல மேக்ஃபைல்கள் (மேக் கருவிக்கான பில்ட் கட்டளைக் கோப்புகள்) பாதையைப் பாதியில் வெட்டிக்கொண்டு "இப்படி ஒரு கோப்பே இல்லை" என்று நிற்கும். ஹோம் கோப்புறைக்குக் கீழே "பில்ட்" என்று ஒன்று வைத்துக்கொண்டால் போதும்.

கம்பைல் ஆரம்பிப்பதற்கு முன்பே, சிஸ்டத்தில் என்னென்ன இருக்கிறது என்று சோதிக்கும் கான்ஃபிகர் படியிலேயே தோற்றால் திரையில் வருவது சுருக்கம் மட்டுமே. முழுக் காரணம் வேறு கோப்பில் இருக்கும்: பழைய ஆட்டோகான்ஃப் வகைக்கு கான்ஃபிக்.லாக், மெசான் என்றால் பில்ட் கோப்புறைக்குள் மெசான்-லாக்ஸ், சிமேக் என்றால் சிமேக்ஃபைல்ஸ் கோப்புறையில் சிமேக்கான்ஃபிகர்லாக்.யாமல், இது 3.26 பதிப்பிலிருந்து.

கம்பைலர் மாறினால்

அதிகம் பேரைக் கடித்தது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே.

2024 மே மாதம் வந்த ஜிசிசி 14, பல வருடங்களாக வெறும் எச்சரிக்கையாக இருந்த சிலவற்றை சி மொழியில் எர்ரர் ஆக்கிவிட்டது. அறிவிக்காத ஃபங்ஷனைக் கூப்பிடுவது, எண்ணையும் பாயிண்டரையும் (நினைவக முகவரி) மாற்றி மாற்றிப் போடுவது, ஒத்துப்போகாத பாயிண்டர்களைக் கலப்பது. திரையில் "இம்ப்ளிசிட் டிக்ளரேஷன் ஆஃப் ஃபங்ஷன்" என்றோ "இன்காம்பாட்டிபிள் பாயிண்டர் டைப்" என்றோ வந்தால் இதுதான். ஃபெடோரா 40-இலும் டெபியன் 13-இலும் இந்தக் கம்பைலர்தான் இருக்கிறது. உபுண்டு 24.04-இல் இருப்பது 13, எனவே அங்கே இது தெரியாது. டெபியன் 13-க்கு மாறிய அன்றைக்கு, பத்து வருடம் ஓடிய பழைய பிரிண்டர் ஃபில்டர் கோடு திடீரென்று கம்பைல் ஆகாது.

தேடினால் உடனே கிடைக்கும் தீர்வு, கம்பைலருக்கான ஃப்ளாக்குகளை எழுதும் சிஃப்ளாக்ஸில் -எஃப்பெர்மிசிவ் சேர்ப்பது; அது இந்த எர்ரர்களை மறுபடி எச்சரிக்கையாக்கும். பில்ட் ஆகிவிடும். ஆனால் இது எல்லா இடத்திலும் சரியான மருந்து அல்ல. அறிவிக்காத ஃபங்ஷன் இன்ட் ஒன்றைத்தான் திருப்பித் தருகிறது என்று கம்பைலர் எடுத்துக்கொள்ளும். அந்த ஃபங்ஷன் உண்மையில் பாயிண்டர் தருவதாக இருந்தால், 64 பிட் கணினியில் அதன் மேல்பாதி 32 பிட் வெட்டுப்பட்டுவிடும். பில்ட் ஆகும், நிறுவும், ஓட்டினால் செக்மெண்டேஷன் ஃபால்ட். எர்ரர் எந்த ஃபங்ஷன் பெயரைச் சொல்கிறதோ அதன் மேன் பக்கத்தைத் திறந்து, மேலே சொல்லியிருக்கும் ஹெடரை (ஃபங்ஷன்களை அறிவிக்கும் கோப்பு) அந்த சி கோப்பின் தலையில் சேர்ப்பதுதான் நிஜமான தீர்வு. ஒரு வரிதான். ஃப்ளாக் என்பது அவசரத்துக்கு.

இதே ஜிசிசி 14 இன்னொரு கமுக்கமான வேலையும் செய்யும். பழைய கான்ஃபிகர் ஸ்கிரிப்ட்கள், ஒரு வசதி இருக்கிறதா என்று பார்க்கக் குட்டிக் குட்டி சி நிரல்களைக் கம்பைல் செய்து பார்க்கும். அந்தக் குட்டி நிரல்களே அலட்சியமாக எழுதப்பட்டவை, ஹெடர் இருக்காது. புதிய கம்பைலர் அவற்றை நிராகரித்ததும், "இந்த வசதி இந்த சிஸ்டத்தில் இல்லை" என்று ஸ்கிரிப்ட் தவறாக முடிவெடுத்துவிடும். எர்ரர் எதுவும் காட்டாது. அரைமணி கழித்து வேறெங்கோ சம்பந்தமில்லாத இடத்தில் உடையும். எர்ரரைப் பார்த்தால் அர்த்தமே இல்லை என்று தோன்றும்போது கான்ஃபிக்.லாக் உள்ளே "இம்ப்ளிசிட்" என்று தேடிப் பாருங்கள். அங்கே இருந்தால், ஆட்டோரீகான்ஃப் -எஃப்ஐ ஓட்டி ஸ்கிரிப்டைப் புதிதாக உருவாக்குவது பல சமயம் தீர்த்துவிடும். புதிய ஆட்டோகான்ஃப் எழுதும் சோதனைகள் ஒழுங்காக இருக்கும்.

2025 ஏப்ரலில் ஜிசிசி 15. இதில் சி மொழியின் இயல்புநிலையே சி23 ஆனது. பூல், ட்ரூ, ஃபால்ஸ் மூன்றும் மொழியின் சொந்தச் சொற்களாகிவிட்டன. பழைய கோடில் "டைப்டெஃப் இன்ட் பூல்" என்று அவர்களே வரையறுத்திருந்தால் மோதும். இன்னொன்று, ஃபங்ஷன் பெயருக்குப் பின் வரும் வெற்று அடைப்புக்குறி. முன்பு அதற்கு "ஆர்குமெண்ட் எத்தனை என்று சொல்லவில்லை" என்று பொருள், இப்போது "ஆர்குமெண்டே கிடையாது". எனவே "டூ மெனி ஆர்குமெண்ட்ஸ்" என்று வரும். இங்கே மட்டும் ஃப்ளாக் போடுவதில் வெசனமே வேண்டாம்: -எஸ்டிடி=ஜிஎன்யூ17. அந்தக் கோடு எழுதப்பட்ட காலத்து இலக்கணத்தில் அதைப் படி என்கிறோம், அவ்வளவுதான். எந்தத் தவறையும் மூடி மறைக்கவில்லை.

சி++ கோடில் "யூஇன்ட்32_டி" என்றால் என்னவென்றே தெரியாது என்று கம்பைலர் சொன்னால் அது ஜிசிசி 13-இன் வேலை. அதன் உள் ஹெடர்கள் ஒன்றையொன்று இழுத்து வருவது குறைந்தது. சிஎஸ்டிடின்ட் ஹெடரைச் சேர்க்க வேண்டும். கோடைத் தொட மனமில்லையென்றால் சி++-க்கான சிஎக்ஸ்எக்ஸ்ஃப்ளாக்ஸில் -இன்க்ளூட் சிஎஸ்டிடின்ட் என்று போட்டாலே எல்லாக் கோப்பிலும் சேர்ந்துவிடும். இணைக்கும் படியில் "மல்டிபிள் டெஃபனிஷன்" வந்தால் அது 2020-இன் ஜிசிசி 10 காலத்து மாற்றம், -எஃப்காமன் போதும்.

ஒரு பொதுக் குறிப்பு: எர்ரர் வரியின் கடைசியில் சதுர அடைப்புக்குள் -டபிள்யூஎர்ரர் என்று தொடங்கும் சொல் இருந்தால், அது எச்சரிக்கையை எர்ரராக்கச் சொன்ன மேக்ஃபைலின் வேலை. அந்தக் கண்டிப்பு எழுதுபவருக்குத்தான் தேவை, பில்ட் செய்து பயன்படுத்துபவருக்கு வேண்டியதில்லை. -டபிள்யூநோ-எர்ரர் போட்டுவிட்டுப் போகலாம்.

இந்த ஃப்ளாக்குகளை எங்கே எழுதுவது என்பதிலும் கவனம் வேண்டும். ஆர்ச்சில் பேக்கேஜை பில்ட் செய்யும் கருவி மேக்பிகேஜி; அதன் மேக்பிகேஜி.கான்ஃப் கோப்பில் எழுதினால் இனி பில்ட் ஆகும் எல்லாவற்றுக்கும் ஒட்டிக்கொள்ளும். அந்த ஒரு பேக்கேஜின் பில்ட் குறிப்பான பிகேஜிபில்ட் கோப்பில், பில்ட் ஃபங்ஷனின் முதல் வரியாக எக்ஸ்போர்ட் சிஃப்ளாக்ஸ் என்று, பழைய மதிப்பையும் சேர்த்து எழுதுங்கள்.

சிமேக் 4

2025 மார்ச்சில் வந்த சிமேக் 4.0, 3.5-க்குக் கீழான பதிப்பைக் குறிப்பிடும் பழைய திட்டங்களை ஏற்பதை நிறுத்தியது. எர்ரரிலேயே வழியும் எழுதியிருக்கும், பலர் படிப்பதில்லை: -டிசிமேக்_பாலிசி_வெர்ஷன்_மினிமம்=3.5. பெரும்பாலும் இத்தோடு முடிந்தது.

பழைய பில்ட் கோப்புறை மிச்சமிருந்தால் அதை அழித்துவிட்டு ஆரம்பியுங்கள். சிமேக்கேஷ் கோப்பில் பழைய லைப்ரரியின் முழுப் பாதையும் உட்கார்ந்திருக்கும். அப்டேட்டில் அது போயிருந்தாலும் அங்கேயே போய்த் தேடும். மேக்பிகேஜி -பெரிய சி அதைத்தான் செய்கிறது. எதைச் சரிசெய்தாலும் இதைப் போட்டு ஓட்டினால்தான் சரியானதா இல்லையா என்று நம்பலாம்.

பைதான்

3.12-இல் டிஸ்ட்யூட்டில்ஸ் நீக்கப்பட்டது, இம்ப் மாட்யூலும்தான். 3.13-இல் சிஜிஐ, கிரிப்ட், டெல்நெட்லிப் போன்றவை போயின. "நோ மாட்யூல் நேம்ட் டிஸ்ட்யூட்டில்ஸ்" என்றால் செட்அப்டூல்ஸ் நிறுவினால் பெரும்பாலும் வேலை நடக்கும், அது தன்னிடம் ஒரு நகல் வைத்திருக்கிறது. நோட்.ஜேஎஸ் பக்கம் என்பிஎம் இன்ஸ்டால் போடும்போது இதே எர்ரர் வந்தால் உள்ளே ஓடுவது பழைய நோட்-ஜிப். அதன் 10-ஆம் பதிப்பு முதல் இந்தத் தொல்லை இல்லை.

ஆர்ச்சில் பைதானின் எண் மாறும்போது, ஏயூஆரிலிருந்து போட்ட பைதான் பேக்கேஜ்கள் பழைய எண்ணுள்ள கோப்புறையிலேயே அனாதையாகக் கிடக்கும். புதிய பைதான் அங்கே எட்டிக்கூடப் பார்க்காது. பேக்மேன் -க்யூஓக்யூ என்று போட்டு, யூஎஸ்ஆர், லிப், பைதான்3.12 என்ற பாதையைக் கொடுத்தால் (முதல் க்யூ மட்டும் பெரிய எழுத்து, மற்ற இரண்டும் சின்னது) அங்கே மாட்டிக்கொண்ட எல்லாப் பேக்கேஜ்களின் பட்டியலும் வரும். அவற்றை அப்படியே மறுபில்ட் செய்ய வேண்டும். வரிசை முக்கியம்: ஒன்று இன்னொன்றைச் சார்ந்திருந்தால் சாரப்படுவது முதலில். வெர்ச்சுவல் என்விரான்மெண்ட்களும் உடைந்திருக்கும். அவற்றைச் சரிசெய்ய முயலாதீர்கள், அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்குவது இரண்டு நிமிட வேலை.

கல்லூரி லேப்டாப்களில் இன்னொரு ஆள் ஒளிந்திருப்பார்: அனகோண்டா. மெஷின் லேர்னிங் பாடத்துக்காகப் போட்டது, டெர்மினல் திறந்ததும் தன் பைதானைப் பாதையின் முன்னால் நிறுத்திவிடும். ஏயூஆர் பேக்கேஜ் பில்ட் ஆகும்போது சிஸ்டம் பைதானுக்குப் பதில் இதைப் பிடித்துக்கொள்ளும். நிறுவியிருக்கும் மாட்யூலையே "இல்லை" என்று எர்ரர் சொன்னால் முதலில் விச் பைதான் போட்டுப் பாருங்கள். யூஎஸ்ஆர், பின் என்று வராமல் ஹோம் கோப்புறை வந்தால் கோண்டா டீஆக்டிவேட் போட்டுவிட்டு மறுபடி ஓட்டுங்கள். பைஎன்வி போட்டிருந்தாலும் இதே கதைதான். எர்ரரைப் பார்த்து சூடோ பிப் இன்ஸ்டால் போடப் போகாதீர்கள். டெபியன் 12 முதல் அதைத் தடுத்தே வைத்திருக்கிறார்கள், -பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ் என்ற ஃப்ளாக்கின் பெயரிலேயே விளைவு எழுதியிருக்கிறது.

லைப்ரரி

இது இரண்டு வடிவத்தில் வரும். பில்ட் நேரத்தில் ஹெடர் கிடைக்கவில்லை, அல்லது லைப்ரரி எங்கே என்று சொல்லும் பிகேஜி-கான்ஃபிக் "நாட் ஃபவுண்ட்" என்கிறது: உபுண்டுவில் அந்த லைப்ரரியின் -டெவ் என்று முடியும் பேக்கேஜ் இல்லை. பெயர் தெரியாவிட்டால் ஏபிடி-ஃபைல் சர்ச் போட்டு .பிசி என்று முடியும் கோப்பின் பெயரைக் கொடுங்கள். ஃபெடோராவில் இன்னும் சுலபம், டிஎன்எஃப் இன்ஸ்டால் கட்டளைக்கு பிகேஜிகான்ஃபிக் என்று எழுதி அடைப்புக்குள் அந்தப் பெயரைக் கொடுத்தால் அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும்.

இரண்டாவது, ஏற்கனவே பில்ட் ஆன நிரல் ஓட மறுப்பது: "எரர் வைல் லோடிங் ஷேர்ட் லைப்ரரிஸ்". ஐசியூ, பூஸ்ட் இரண்டும் அடிக்கடி எண்ணை மாற்றுபவை. எல்டிடி போட்டு "நாட் ஃபவுண்ட்" என்று வரும் வரிகளைப் பாருங்கள். இங்கே எல்லோரும் செய்யும் குறுக்குவழி, புதிய லைப்ரரிக்குப் பழைய பெயரில் ஒரு சிம்லிங்க் (வேறு கோப்பைக் காட்டும் மாற்றுப்பெயர்) போடுவது. வேண்டவே வேண்டாம். எண்ணை மாற்றியதே உள் அமைப்பு மாறியதால்தான். நிரல் தொடங்கும், தப்பான இடத்தில் தப்பானதை எழுதும். மறுபில்ட் மட்டுமே வழி. ஆர்ச்சில் ரீபில்ட்-டிடெக்டர் என்ற பேக்கேஜைப் போட்டு செக்ரீபில்ட் ஓட்டினால் எவை எவை என்று பட்டியல் தரும்.

இதில் சிரிக்க வைப்பது ஒன்று உண்டு. பில்ட் செய்து தரும் யே என்ற உதவிக் கருவியே இப்படி உடையும். பேக்மேன் 7.0 வந்தபோது அதன் லைப்ரரியான லிப்ஏஎல்பிஎம் 14 என்பது 15 ஆனது. யே தொடங்கவே இல்லை. யேயை வைத்து யேயைச் சரிசெய்ய முடியாதல்லவா. கிட் குளோன் போட்டு, கோப்புறைக்குள் போய், மேக்பிகேஜி -எஸ்ஐ என்று கையாலேயே ஒருமுறை பில்ட் செய்தால் தீர்ந்தது. உதவிக் கருவி இல்லாமல் பில்ட் செய்யும் இந்த வழி எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

மஞ்சாரோக்காரர்களுக்கு: உங்கள் களஞ்சியம் ஆர்ச்சைவிடச் சில நாள், சில வாரம் பின்னால் வரும். ஏயூஆர் எழுதப்படுவதோ ஆர்ச்சின் இன்றைய நிலைக்கு. "இந்த லைப்ரரியின் இன்னும் புதிய பதிப்பு வேண்டும்" என்று பில்ட் கேட்டால் உங்கள் பக்கம் எந்தத் தப்பும் இல்லை. காத்திருங்கள், இல்லையென்றால் பிகேஜிபில்ட்டின் முந்தைய கமிட்டை எடுத்து பில்ட் செய்யுங்கள். பேக்மேன் -எஸ்ஒய் போட்டு ஒரு பேக்கேஜை மட்டும் புதுப்பிப்பது மஞ்சாரோவிலும் கூடாது, ஆர்ச்சிலும் கூடாது; அரைகுறை அப்டேட்தான் இந்தப் பகுதியில் சொன்ன பல தொல்லைகளுக்குத் தாய்.

டிகேஎம்எஸ், அதாவது போன வைஃபை

ஆபீஸ் கணினிகளில் அப்டேட் முடிந்து மறுநாள் காலை ஆன் செய்தால் நெட் இல்லை. நெட் இல்லாமல் நெட்டுக்கான டிரைவரை எப்படி இறக்குவது? போனை யூஎஸ்பி கேபிளில் சொருகி, யூஎஸ்பி டெதரிங் ஆன் செய்யுங்கள். டிரைவர் ஏதும் போடாமலே லினக்ஸ் அதை நெட்வொர்க் கார்டாக எடுத்துக்கொள்ளும். அவசர வேலை இருந்தால், பூட் ஆகும்போது கிரப் மெனுவில் "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்" போய் முந்தைய கெர்னலைத் தேர்ந்தால் வைஃபை திரும்ப வந்துவிடும். சாயங்காலம் நிதானமாகச் சரிசெய்யலாம்.

டிகேஎம்எஸ் என்பது கெர்னல் மாறும்போதெல்லாம் வெளி டிரைவர்களை (மாட்யூல்) மறுபில்ட் செய்யும் கருவி. முதலில் டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் போடுங்கள். உங்கள் மாட்யூல் பழைய கெர்னலுக்கு மட்டும் "இன்ஸ்டால்டு" என்று காட்டினால் புதியதுக்கு பில்ட் தோற்றிருக்கிறது. காரணம் வார், லிப், டிகேஎம்எஸ், மாட்யூல் பெயர், பதிப்பு, பில்ட் என்ற கோப்புறைக்குள் மேக்.லாக் கோப்பில். அதில் பார்க்க வேண்டியவை:

கெர்னல் ஹெடர் இல்லை. யூநேம் -ஆர் காட்டும் எண்ணுக்குச் சரியாக அதே எண் ஹெடர் வேண்டும். ஆர்ச்சில் லினக்ஸ்-ஸென் கெர்னல் ஓட்டிக்கொண்டு லினக்ஸ்-ஹெடர்ஸ் வைத்திருப்பவர்கள் நிறைய; ஸென்னுக்கு லினக்ஸ்-ஸென்-ஹெடர்ஸ், எல்டிஎஸ்ஸுக்கு லினக்ஸ்-எல்டிஎஸ்-ஹெடர்ஸ்.

கம்பைலர் பொருந்தவில்லை. உபுண்டு 22.04-இல் இயல்பான கம்பைலர் ஜிசிசி 11. ஆனால் அதன் எச்டபிள்யூஇ (புதிய ஹார்ட்வேருக்காகத் தரும்) கெர்னல் 6.5-ஐ அவர்கள் ஜிசிசி 12-இல் கம்பைல் செய்தார்கள். கெர்னல் கேட்கும் -எஃப்ட்ரிவியல்-ஆட்டோ-வார்-இனிட் என்ற ஃப்ளாக் 11-க்குத் தெரியாது. என்விடியா, ரியல்டெக் இரண்டும் ஒரே நாளில் உடைந்ததற்குக் காரணம் இதுதான். ஜிசிசி-12 பேக்கேஜைக் கூடுதலாக நிறுவியதும் தீர்ந்தது. 22.04 ஓடும் கணினிகள் இன்னும் நம் பக்கம் நிறைய இருப்பதால் நினைவில் வையுங்கள்.

கெர்னலுக்குள் பெயர்கள் மாறின. 6.12-இல் அன்அலைன்டு.எச் என்ற ஹெடர் ஏஎஸ்எம் கோப்புறையிலிருந்து லினக்ஸ் கோப்புறைக்குப் போனது. 6.15-இல் டெல்_டைமர் போய் டைமர்_டெலிட் மட்டும் மிஞ்சியது. எக்ஸ்ட்ரா_சிஃப்ளாக்ஸ் என்ற மேக்ஃபைல் வழக்கமும் நின்றது. 6.16-இல் ஃப்ரம்_டைமர் பெயர் மாறியது. மேக்.லாக்கில் இந்தப் பெயர்கள் தெரிந்தால் கம்பைலர் ஃப்ளாக்கால் ஆகப்போவது ஒன்றுமில்லை. டிரைவரின் புதிய கோடுதான் வேண்டும். அதற்கு முன் ஒன்றைச் சரிபாருங்கள்: அந்த வெளி டிரைவர் இன்னும் தேவைதானா? 8821சியூ, 8822பியூ சிப் உள்ள ரியல்டெக் டாங்கிள்களுக்கு 6.2 முதல் கெர்னலுக்குள்ளேயே டிரைவர் இருக்கிறது. எல்எஸ்யூஎஸ்பி போட்டு சிப்பைப் பார்த்துவிட்டு, டிகேஎம்எஸ் டிரைவரைக் கழற்றிவிடுவதே நல்ல தீர்வாக இருக்கலாம்.

பில்ட் ஆகியும் ஏறவில்லை, "கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்" என்கிறது: செக்யூர் பூட், அதாவது நம்பும் சாவியால் கையெழுத்திட்டதை மட்டும் ஏற்கும் ஏற்பாடு. மோக்யூட்டில் வைத்துச் சாவியைப் பதிவு செய்து, அடுத்த பூட்டில் வரும் நீலத் திரையில் உறுதிசெய்ய வேண்டும். அந்தத் திரையைக் கவனிக்காமல் என்டர் தட்டிக் கடந்துவிடுகிறார்கள், அப்புறம் முதலிலிருந்து.

உபுண்டுவில் டிகேஎம்எஸ் தோற்றால் ஏபிடியும் அரைகுறையாக நின்று, அடுத்து எதை நிறுவினாலும் "டிபிகேஜி ரிட்டர்ன்டு அன் எர்ரர் கோட் 1" என்று அதே பல்லவி பாடும். உடைந்த மாட்யூலை டிகேஎம்எஸ் ரிமூவ் போட்டு எடுத்துவிட்டு, டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ ஓட்டினால் வழி திறக்கும்.

கரண்ட், மெமரி, கடிகாரம்

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் யூபிஎஸ் இல்லாத கணினியில் காலை எட்டரைக்கு அப்டேட் தொடங்காதீர்கள். பாதியில் போனால் சில கோப்புகள் பெயர் மட்டும் இருந்து உள்ளே சுழியம் பைட்டாக நிற்கும். எல்டிகான்ஃபிக் "ஃபைல் இஸ் எம்ப்டி, நாட் செக்டு" என்று சொன்னால் அதுதான். ஹெடர் கோப்பு காலியானால் இன்னும் மோசம், கம்பைலர் சம்பந்தமில்லாத எர்ரராகக் கொட்டும். ஆர்ச்சில் பேக்மேன் -க்யூகேகே, டெபியனில் டிபிகேஜி -பெரிய வி. கெட்டவற்றைக் காட்டும், அவற்றை மறுநிறுவல் செய்யுங்கள். டிபி.எல்சிகே என்ற பூட்டுக் கோப்பை அழிப்பதற்கு முன் வேறொரு பேக்மேன் ஓடவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

"கில்டு சிக்னல் டெர்மினேட்டட் ப்ரோக்ராம் சிசி1பிளஸ்" என்பது கோடின் பிழையே அல்ல, ரேம் தீர்ந்தது. சி++ பில்டுக்கு ஒரு வேலைக்கு 2 ஜிபி என்று கணக்கு வையுங்கள். 8 ஜிபி லேப்டாப்பில் பிரவுசரை மூடிவிட்டு -ஜே3. பிரவுசர் எஞ்சின் மாதிரி பெரியவற்றை வீட்டில் பில்ட் செய்வது வீண். ஏயூஆரில் -பின் என்று முடியும் பேக்கேஜ் இருந்தால் அதை எடுங்கள். டிஎம்பி கோப்புறையில் பில்ட் செய்தால் "நோ ஸ்பேஸ் லெஃப்ட்" வரும், டிஸ்கில் நூறு ஜிபி காலியிருந்தாலும். ஆர்ச்சில் அது ரேமில் இருக்கிறது, டெபியன் 13 முதல் அங்கும்.

பழைய அசெம்பிள் கணினியில் மதர்போர்டு பேட்டரி செத்திருந்தால் தேதி பின்னால் போய்விடும். கையெழுத்து, சான்றிதழ் எர்ரர்கள் வரிசையாக வந்தால் சாவியை நோண்டுவதற்கு முன் டைம்டேட்சிடிஎல் போட்டுத் தேதியைப் பாருங்கள். தேதி சரியாக இருந்தும் ஆர்ச்சில் சாவித் தொல்லை என்றால் ஆர்ச்லினக்ஸ்-கீரிங் பேக்கேஜை முதலில் புதுப்பித்து, உடனே முழு அப்டேட்டையும் முடித்துவிடுங்கள். செக்சம் பொருந்தவில்லை என்றால் அப்டிபிகேஜிசம்ஸ் ஓட்டிப் புதிய எண்ணை எழுதிக்கொள்வது கையெழுத்து பார்க்காமல் சரக்கை இறக்குவதுதான். கோப்பு ஏன் மாறியது என்று தெரிந்த பிறகு செய்யுங்கள்.

பின்வாங்குவது

வேலை நிற்கிறது, தீர்வு இன்னும் வரவில்லை என்றால் பழைய பதிப்புக்குப் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆர்ச்சில் வார், கேஷ், பேக்மேன், பிகேஜி கோப்புறையில் பழையவை இருக்கும், பேக்மேன் -பெரிய யூ போட்டு நிறுவலாம். ஆனால் பைதான், ஜிலிப்சி, ஐசியூ மாதிரி மற்றவை சாய்ந்து நிற்கும் பேக்கேஜ்களைத் தனியாகப் பின்னிழுக்காதீர்கள், சிஸ்டமே எழாது. கெர்னல், தனி நிரல்கள் என்றால் பரவாயில்லை.

பின்னிழுத்ததை ஆர்ச்சில் பேக்மேன்.கான்ஃப் கோப்பின் இக்னோர்பிகேஜி வரியில் எழுதியோ உபுண்டுவில் ஏபிடி-மார்க் ஹோல்ட் போட்டோ நிறுத்தி வைப்பீர்கள். அந்த வரிக்கு மேலேயே ஒரு கமெண்டில் தேதியையும் எந்த எர்ரருக்காக என்பதையும் எழுதிவிடுங்கள். உபுண்டுவில் கமெண்ட் எழுத இடமில்லை, ஏபிடி-மார்க் ஷோஹோல்ட் மட்டும்தான். மாதம் ஒருமுறை அதைத் தட்டிப் பார்த்து, தீர்வு வந்துவிட்டவற்றை அன்ஹோல்ட் செய்துவிடுங்கள். நிறுத்தி வைத்த கெர்னலுக்குப் பாதுகாப்புத் திருத்தங்களும் வராது.